கோதுமை சேராத சாப்பாடு: முற்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: கொக்குவிலில் மகளின் சாமத்தியவீடு. 250 பேருக்கு இராச் சாப்பாடு ஓடர் கொடுக்கிறோம். கனடாவில் இருந்து வரும் மச்சாளின் மகனுக்கு சீலியாக் நோய். கோதுமை துளியும் ஆகாது. "இடியப்பமும் தோசையும் அரிசிதானே, பிரச்சினையில்லை" என்று சொல்லும் சமையல்காரர், அவனுடைய சாப்பாட்டுக்குத் தனியாக 500 ரூபாய் கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பதிலை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உழுந்தோடு அவித்த கோதுமை மா சேர்ப்பது பலருடைய வழக்கம். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும், குரக்கன் பிட்டுக்கும்கூட, அதே மாவைக் கலப்பார்கள். சமையல்காரர் ஏமாற்றுகிறார் என்றில்லை. கலப்பது கைப்பழக்கமாகிவிட்டதால் அவருக்கு அது நினைவில் வருவதில்லை.

நோயின் பெயரை விளங்கப்படுத்துவதை விட, கூடாத பொருட்களைச் சொல்லுங்கள்: கோதுமை மா, ரவை, சேமியா, பாண்தூள், பார்லி, சோயா சோஸ். சோயாமீற் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் கோதுமை இருக்கும். எல்லோரும் மறப்பது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். ரசத்திலும் சாம்பாரிலும் அது போய்விடும்.

அடுத்தது எண்ணெய். உழுந்து வடையில் கோதுமை இல்லைத்தான். ஆனால் ரோல்ஸ் பொரித்த தாச்சியிலேயே வடையையும் அப்பளத்தையும் போட்டால் பாண்தூள் ஒட்டிக்கொள்ளும். சூடு அதை ஒன்றும் செய்யாது. கோதுமைப் புரதம் பொரித்தாலும் அவித்தாலும் அப்படியேதான் இருக்கும். மர இடியப்ப உரலும் அரிதட்டும் எவ்வளவு கழுவினாலும் நம்பத்தக்கவை அல்ல, கண்ணிலும் துளையிலும் பழைய மா தங்கும்.

எனவே அந்தப் பிள்ளைக்கு இடியப்பத்தை விட்டுவிடுவதே எங்கள் தீர்மானமான கருத்து. வெள்ளைச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி என்று கேளுங்கள். கோதுமை மா திறக்குமுன், புதுச் சட்டியிலும் புது அகப்பையிலும் சமைத்து, பெயர் எழுதி மூடிய பெட்டியில் வர வேண்டும். மண்டபத்தில் பந்தி அகப்பை அதைத் தொடக்கூடாது. முந்திச் சமைப்பதால் இன்னொரு சிக்கல் உண்டு: தேங்காய்ப்பால் கறி வெளியில் 2 மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. சூடு காக்கும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்வதென்றால் 500 ரூபாய் நியாயம். தனிப் பாத்திரத்துக்கும் ஆள்கூலிக்கும் செலவு உண்டு. "கோதுமை இல்லை" என்று வாயால் சொல்வதற்கு மட்டும் என்றால் ஒரு சதமும் வேண்டாம். பொருட்பட்டியலையும் தனிப் பாத்திரத்தையும் பில்லில் எழுதி, கையொப்பம் வாங்கிய பிறகே முற்பணம். சொன்னபடி செய்யாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அறிவிக்கலாம். எழுத்து முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டால் உங்கள் பக்கம் காட்ட ஒன்றும் இராது.

சாப்பிட்ட பிறகு "அவனுக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று அடுத்த நாள் ரோல்ஸ் நீட்டாதீர்கள். சீலியாக்கில் வெளியே அறிகுறி தெரியாமலே சிறுகுடல் பழுதாகலாம். கச்சான் ஒவ்வாமை வேறு: சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டலாம். அப்படியொரு பிள்ளை வருவதென்றால் மிக்சரை மேசையிலேயே வைக்காதீர்கள். ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி மருந்து யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சை உடனே கூப்பிடுங்கள்.

கேள்வி: சலரோகக்காரருக்கென்று பனங்கட்டிப் பாயாசம் கூடிய விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனிதான், இரத்தத்தில் சீனியை ஏற்றவே செய்யும். அந்தக் காசுக்கு இன்னொரு மரக்கறியும் கீரையும் போடச் சொல்லுங்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு முதல் பந்தியிலேயே இடம் ஒதுக்குங்கள், சாப்பாடு பிந்தினால் சிலருக்குச் சீனி இறங்கி மயக்கம் வரலாம்.