விக்டரி பதக்கத்தில் பச்சைப் பிசுக்கு: வினிகர் வேண்டாம்

பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரி 1765இல் நீரில் இறக்கப்பட்டதைக் குறிக்கும் வெண்கலப் பதக்கத்தை மென்மையான பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததாகவும், அதில் பொறித்த பாய்மர ஓரங்களில் பச்சை படிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வினிகரில் போடாதீர்கள். பச்சையோடு பழுப்புப் படலமும் போய், பதக்கம் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். பழைய பழுப்பு நிறம் திரும்பாது.

முதலில் பல்குச்சியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இழுபட்டால் அது பிவிசி என்ற அந்த மென்மையான பிளாஸ்டிக் உறையின் வேலை. சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். எண்ணெய், வாசனை கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் மறுபடி ஒருமுறை. பஞ்சுக்குச்சியை உருட்டி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு ஆகாது. லாக்கர் என்ற பளபளப்பு மெருகு பூசிய பதக்கமென்றால் அசிட்டோன் பூச்சையே கரைத்துவிடும், எனாமலும் கெடலாம்; ஆகவே விளிம்பில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே முழுவதும் போடுங்கள்.

தொட்டதும் வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் கதை வேறு. அது குளோரைடு அரிப்பு. ஈரம் இருக்கும்வரை உலோகத்தைத் தின்றுகொண்டே போகும், அசிட்டோனுக்கு மசியாது. மற்ற பதக்கங்களிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அரிதான பதக்கமாக இருந்தால் பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மைலார் (பாலியெஸ்டர்) உறையோ கெட்டியான அக்ரிலிக் கூடோ போதும். மற்ற பதக்கங்களும் அதே வகை உறையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள்.