விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட்: கேள்வி பதில்

கே: இப்போதுதான் புரோகிராமிங் படிக்கிறேன். கோட் எழுத விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் இவற்றில் எந்த எடிட்டர் நல்லது?

ப: விஎஸ் கோட். மொழியைப் படியுங்கள், எடிட்டரை அப்புறம் பார்க்கலாம்.

கே: அண்ணா, விம்மில் எதைத் தட்டினாலும் கர்சர்தான் ஓடுகிறது. ஏன் இப்படி?

ப: நீங்கள் நார்மல் மோடில் இருக்கிறீர்கள், அதில் விசைகள் எழுத்தாக விழாது, கட்டளையாக வேலை செய்யும். ஆங்கில ஐ விசையைத் தட்டினால் இன்சர்ட் மோடில் எழுதலாம், எஸ்கேப் தட்டினால் திரும்பலாம். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி). அதில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சாகியிருக்கும், இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருக்கும். ஆனால் மோட் பழைய காலத்து மிச்சம் மட்டும் இல்லை. நாம் புதிதாக எழுதுவதைவிட இருப்பதைத் திருத்துவதுதான் அதிகம். மேற்கோளுக்குள் இருப்பதை மாற்ற சி, ஐ, மேற்கோள்குறி தட்டிப் புதியதை எழுதுங்கள். அடுத்த வரிக்குப் போய் ஒரே ஒரு புள்ளி தட்டுங்கள், அது கடைசி மாற்றத்தைத் திரும்பச் செய்யும் கட்டளை, அங்கேயும் அதே மாற்றம் நடக்கும். இன்னொன்று, யாருடைய கான்ஃபிக் ஃபைலையும் (எடிட்டர் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

கே: ஈமாக்ஸில் சுண்டுவிரல் வலிக்கிறது.

ப: கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றுங்கள், இன்றைக்கே.

கே: ஹீலிக்ஸ் என்ற எடிட்டர்தான் சரியான வழி. முதலில் தேர்வு, பிறகு செயல். எது அழியப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ப: நியாயமான வாதம்தான், ஒரே நேரத்தில் பல இடங்களில் திருத்தும் பல கர்சர் வேலைக்கு அது உண்மையிலேயே சுகம். ஆனால் சர்வரில் லாகின் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் விஐதான்.

கே: விம்மிலேயே விஷுவல் மோட் இருக்கிறதே, அதில் தேர்ந்தெடுத்தால் போதாதா?

ப: போதாது, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐந்தெழுத்துச் சொல்லை விஷுவலில் தேர்ந்து மாற்றிவிட்டு, ஒன்பதெழுத்துச் சொல்லின் தொடக்கத்தில் புள்ளி தட்டுங்கள். முதல் ஐந்து எழுத்துதான் மாறும், மிச்சம் நான்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். விஷுவலில் செய்ததைப் புள்ளி நீளமாகத்தான் நினைவில் வைக்கிறது. சி, ஐ, டபிள்யூ என்று செய்திருந்தால் 'சொல்' என்றே வைத்திருக்கும், முழுச்சொல்லும் மாறும்.

கே: அப்படியானால் ஹீலிக்ஸ் தோற்றதா?

ப: இல்லை. அங்கே தேர்வுதான் அடிப்படை, விம்மில் செயல்தான் அடிப்படை. ஒன்றின் பழக்கத்தை மற்றதில் திணித்தால் இரண்டுமே எரிச்சலூட்டும்.

கே: விம்மா, விஎஸ் கோடா, எது பெஸ்ட்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: நண்பர் தன் நியோவிம் (விம்மிலிருந்து பிரிந்த எடிட்டர்) கான்ஃபிக் தந்தார், ஏகப்பட்ட எரர்.

ப: இதைத்தான் மேலே சொன்னேன். அழித்துவிட்டு வெறும் ஃபைலில் ஆரம்பியுங்கள், ஒவ்வொரு வரியும் எதற்கென்று தெரிந்தபின் சேருங்கள்.

கே: தமிழ் கீபோர்டு ஆன் செய்தால் விம் கட்டளை எதுவும் வேலை செய்வதில்லை.

ப: நார்மல் மோடுக்குத் தமிழ் எழுத்து போகிறது, அதனால்தான். சிஸ்டம் கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு ஆங்கில விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றும் விம்மின் கீமேப் வசதியைப் பயன்படுத்துங்கள், அது இன்சர்ட் மோடில்தான் எழுத்தை மாற்றும். ஈமாக்ஸிலும் தமிழ் உள்ளீடு கூடவே வருகிறது, கன்ட்ரோலோடு பின்சாய்கோடு தட்டினால் மாறிக்கொள்ளலாம்.