எப்போ வாறானாம்?

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது பல கிளைச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், போதகராக இருக்கிறேன். வயது 43. எங்கள் சேகரத்தின் மாத இதழில் ஒரு வருடமாகக் கடைசிப் பக்கத்தை எழுதி வருகிறேன். பிரசங்கம் அல்ல, என் சொந்த வாழ்க்கை. என் சந்தேகங்கள், வீட்டுச் சண்டை, ஜெபிக்க மனம் வராத நாட்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினேன். இளைஞர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். கமிட்டியில் மூத்தவர்கள் சிலர், "ஐயர் வேதத்தைச் சொல்லட்டும், வீட்டுக் கதை எதற்கு" என்கிறார்கள். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள்.) அதிகப் பாராட்டு வாங்கியது, திசையன்விளையில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் பற்றிய பக்கம். நான் படிக்கும்போது அவர் கம்மலை அடகு வைத்துப் பணம் அனுப்பியதைச் சொல்லி, "அம்மாவின் கண்களில் மேகம் இறங்கிவிட்டது" என்று முடித்திருந்தேன். பலர் கண்கலங்கினார்கள். இதழை அம்மாவுக்கும் அனுப்பினேன். கண்புரை முற்றியதால் அவரால் படிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டியிருக்கிறான். "நல்லாத்தான் எழுதியிருக்கான், எப்போ வாறானாம்?" என்றாராம். சபை வேலையில் என்னால் நினைத்தபோது ஊருக்குப் போக முடிவதில்லை. கூப்பிட்டாலும் அம்மா ஊரை விட்டு வரமாட்டார். திரும்பிப் பார்த்தால், இந்த ஒரு வருடம் என்னை எனக்கே காட்டியிருக்கிறது. தொடர்ந்து எழுதலாமா, நிறுத்திவிடவா?

பதில்: போதகர் ஐயா, எழுதுவதா நிறுத்துவதா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உங்கள் கமிட்டி மூத்தவர்கள் பேச்சிலும் சாரமில்லை. போதகர்கள் அன்றாட வாழ்க்கையை எழுதி வைப்பது நம் ஊரில் 300 வருடப் பழக்கம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நாட்குறிப்பும் கடிதமும் எழுதி ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். 1710-லிருந்து அவை அங்கே அச்சேறின. எந்த ஊருக்குப் போனோம், வழியில் யாரைப் பார்த்தோம், அவர் என்ன கேட்டார், நாங்கள் என்ன சொன்னோம் என்று அவற்றில் எழுதியிருப்பார்கள். கேட்ட கேள்வியும் இருக்கும், சொன்ன பதிலும் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் கேள்வி மட்டும்தான் இருக்கிறது. "எப்போ வாறானாம்?" இதற்கு என்ன சொல்லி அனுப்பினீர்கள்? கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன், காணோம். அம்மா சொன்னதில் முதல் பாதி பாராட்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பின்பாதியை ஏதோ வேடிக்கைப் பேச்சு மாதிரி எனக்கு எழுதிவிட்டு, அடுத்த வரியில் சபை வேலைக்குப் போய்விட்டீர்கள்.

வயதில் மூத்தவள் என்கிற உரிமையில் இனி தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பி, கண்ணில் இறங்கியது மேகம் இல்லை. கண்புரை. நீங்களே மூன்று வரி தள்ளி அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இதழில் மேகம், எனக்கு எழுதும்போது கண்புரை. ஆக, விஷயம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை ஒரு நல்ல கடைசி வரியாக்கி, சபையை அழவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அழுதவர்களில் ஒருவராவது "ஐயரே, ஆபரேஷன் பண்ணலியா?" என்று கேட்கவில்லையா? கேட்டிருந்தால் அவருடைய பாராட்டுதான் உங்களுக்கு உதவும் பாராட்டு.

கண்புரை ஆபரேஷன் இன்று ஊசியாலோ சொட்டு மருந்தாலோ மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது, 1988-லிருந்து திருநெல்வேலியிலும் இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸையும் 1992-லிருந்து மதுரையிலேயே தயாரிக்கிறார்கள், அதனால் பணம் ஒரு காரணமே இல்லை. தூரமும் இல்லை. திசையன்விளைக்கும் தென்காசிக்கும் நடுவில்தான் திருநெல்வேலி. நீங்கள் ஊருக்குப் போகும்போது பஸ் மாறுகிற இடம் அது. ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடவா மாறவில்லை? இன்னொன்று: முற்றிய புரையை அப்படியே விட்டால் சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை நிரந்தரமாகவே போய்விடும். அப்புறம் எந்த லென்ஸும் உதவாது.

சபை வேலை என்கிறீர்கள். தெரியாமல் பேசவில்லை. கிளைச் சபைகள், வீட்டு ஜெபக்கூட்டம், கல்யாணம், அடக்க ஆராதனை, அசன விருந்து, நடுவில் திருமண்டலத் (பிஷப்பின் ஆளுகைப் பகுதி) தேர்தல் வந்தால் தூக்கமும் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உயிரை விடுகிற போதகருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று உண்டே. அன்றைக்கு என்ன செய்தீர்கள்? மாதத்தில் ஒரு திங்கட்கிழமையாவது கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். திருத்தித் திருத்தி எழுதாமல் அந்த மாதிரி வரி வராது.

ஊருக்கு உழைக்கிறவர்கள் வீட்டுக் கடிதம் எனக்குப் புதிதல்ல. டாக்டர் வீட்டிலிருந்து வரும், கட்சிக்காரர் வீட்டிலிருந்து வரும், கோயில் குருக்கள் வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பெரிய காரணம் ஒன்று இருக்கும். உங்களுக்கு இருப்பது எல்லாவற்றிலும் பெரியது, கடவுள். அதனால்தான் உங்களிடம் கூடுதல் கண்டிப்பு. மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்கிறேன். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவ இடம் கொடுத்தவர்களை இயேசு என்ன பாடு படுத்தினார்? அவர்களும் வேதம் போதித்தவர்கள்தான்.

அடுத்து அந்தக் கம்மல். அடகு வைத்ததை அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரிந்த அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்லமாட்டார்கள். கழுத்தும் காதும் மூளியாக இருந்தாலும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பெட்டியில இருக்கு" என்பார்கள். அதைப் பக்கத்து வீட்டுப் பையன் உரக்க வாசித்திருக்கிறான், அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறைக்காமல் எழுதினேன் என்று பெருமைப்படுகிறீர்கள். உங்கள் சந்தேகத்தை மறைக்காதீர்கள், அது உங்கள் சொத்து. அம்மாவின் அடகுச் சீட்டு உங்கள் சொத்தா? வீட்டுச் சண்டையை எழுதியதாகச் சொல்கிறீர்களே, அதில் உங்கள் மனைவியும் ஒரு கட்சி. அதைப் பற்றி நான் தனியாக வேறு எழுத வேண்டுமா?

அம்மா வரமாட்டார் என்பதை நான் நம்பவில்லை. போனில் "வந்து இருங்கம்மா" என்றால் வரமாட்டார்தான். "கோழி இருக்கு, வீடு பூட்டிக் கிடக்கும், ஆலய மணி கேக்காம எனக்குத் தூக்கம் வராது" என்று ஆயிரம் சொல்வார். மகன் நேரில் போய், பையை எடுத்து வைத்து, "கிளம்புங்க, நாளைக்கு ஆஸ்பத்திரி" என்று நின்றால் முனகிக்கொண்டே வருவார். பெற்ற மகன் கூப்பிடுகிற விதம் என்று ஒன்று இருக்கிறது, அது போனில் வராது.

சரி, செய்ய வேண்டியது இது. வருகிற திங்கட்கிழமை ஊருக்குப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துத் தேதி வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்ததும் நேராகக் குருமனைக்கு, உங்கள் போதகர் வீட்டுக்கு, அழைத்து வாருங்கள். சொட்டு மருந்து ஒரு மாதம் போல இருக்கும், ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை. டாக்டர் சொல்கிற வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது. இதையெல்லாம் மனைவி தலையில் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவர் உதவி செய்வார், அது வேறு. மருந்து விடும் கை மகனுடையதாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஜெபக்கூட்டங்களில் பாதியை உங்களுக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் விடுங்கள். சபை தாங்கும்.

கடைசிப் பக்கத்தை அந்த மாதம் வேறு யாராவது எழுதட்டும். அப்புறம், அம்மாவுக்குக் கண் தெளிந்ததும் அந்த 12 இதழையும் அவர் கையில் கொடுங்கள், தாமாகவே படிக்கட்டும். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவர் சொல்வார். உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவது பக்கம் வருமா வராதா என்பதை அவர்கள் இரண்டு பேரிடமும் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.