ஆன்லைன்ல அக்கவுண்டிங் டிகிரி: நீங்க கேட்டீங்க, நாங்க சொல்றோம்

கேள்வி: மேடம், எனக்கு 34 வயசு, வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல அக்கவுண்டிங் டிகிரி முதல் வருஷம் படிக்கிறேன். வீடியோல சார் கணக்கு போடும்போது ஒவ்வொரு வரியும் புரியுது, ஆனா அதே மாதிரி கணக்க நானா போட உக்காந்தா முதல் வரியே வரமாட்டேங்குது. இந்தப் படிப்பு எனக்கு செட் ஆகாதோ, விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க மா. ஆன்லைன்ல அக்கவுண்டிங் படிக்கற நிறைய பேர் மாட்டிக்கற இடம் இதுதான், அதுக்கும் உங்க வயசுக்கும் சம்பந்தமே இல்ல. அடுத்தவங்க போடற கணக்கப் பாக்கும்போது எந்த கணக்கு டெபிட் (நோட்டுல இடது பக்கம்), எது கிரெடிட் (வலது பக்கம்)னு முடிவு எடுக்கற வேலைய அவர் செஞ்சுடறாரு, நமக்கு மிச்சம் இருக்கறது சரிதான்னு ஒத்துக்கறது மட்டும்தான், அந்த முடிவு எடுக்கறதுதான் இந்தப் பாடமே. நீச்சல கரையில நின்னு கத்துக்க முடியாதுல்ல, அது மாதிரிதான்.

அதனால வீடியோல கேள்வி வந்த உடனே பாஸ் பண்ணுங்க. பேப்பர் எடுத்து நீங்களே போடுங்க, தப்பா இருந்தாலும் முழுசா முடிச்சுட்டு அப்புறம் பிளே பண்ணுங்க. உதாரணத்துக்கு ஒரு கம்பெனி அக்டோபர் 1-ம் தேதி ஒரு வருஷ வாடகை 12,000 முன்கூட்டியே கட்டிடுது, கணக்கு வருஷம் டிசம்பர் 31-ல முடியுது. இந்த வருஷச் செலவு எவ்வளவு? மூணு மாசத்துக்கு 3,000 தான். மிச்சம் 9,000 இன்னும் அனுபவிக்காத வாடகை, அதனால அது சொத்தையும் கடனையும் காட்டற பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கம் போய் உக்காரும். இதப் படிக்கும்போது சுலபமா இருக்கும், ஆனா பணம் கட்டின அன்னிக்கு என்ட்ரி என்ன, டிசம்பர் 31-ல கணக்க சரிக்கட்டற அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி என்ன, அடுத்த வருஷம் அந்த 9,000 எங்க போகும், இந்த மூணையும் பாக்காம எழுதுங்க, அப்பதான் எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். தப்பு பண்ணின கணக்க ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் போடுங்க, புது கணக்கு பத்து போடறத விட அதுல லாபம் ஜாஸ்தி. வாரக் கடைசில ஒரேடியா அஞ்சு மணி நேரம் உக்காரறத விட தினம் முக்கால் மணி நேரம் நல்லது, ஏன்னா இதுல ஒவ்வொரு அத்தியாயமும் முந்தினதுக்கு மேல நிக்குது, ஒரு வாரம் விட்டா அடுத்த வாரம் அந்நியமா ஆயிடும்.

கேள்வி: பேங்க்ல பணம் வந்தா கிரெடிட்னு மெசேஜ் வருது, எங்க பாடத்துல பணம் வந்தா கேஷ் கணக்க டெபிட் பண்ணுன்னு சொல்றாங்க. எது சரி?

பதில்: ரெண்டும் சரி தம்பி, ஆனா அது யாரோட நோட்டுன்னு பாக்கணும். உங்க பணம் உங்களுக்கு சொத்து, அதனால உங்க நோட்டுல டெபிட். அதே பணம் பேங்குக்கு உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அது கூடும்போது அவங்க நோட்டுல கிரெடிட். மெசேஜ் அவங்க நோட்டப் பாத்து அனுப்பறது, அவ்ளோதான். பேங்க் ரிகன்சிலியேஷன் (நம்ம நோட்டையும் பேங்க் நோட்டையும் ஒப்பிட்டு சரிபாக்கறது) பாடம் வரும்போது இது ரொம்பத் தேவைப்படும், இப்பவே தெளிவு பண்ணிக்கிட்டது நல்லதாப் போச்சு.

கேள்வி: ட்ரயல் பேலன்ஸ்ல டெபிட் மொத்தமும் கிரெடிட் மொத்தமும் டேலி ஆகலன்னா ராத்திரி முழுக்கத் தேடறேன். பக்கத்துல கேக்க ஆளும் இல்ல, ஃபோரம்ல போட்டா பதில் வர ரெண்டு நாள் ஆகுது. ஏதாவது வழி சொல்லுங்க.

பதில்: முதல்ல ரெண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க, அந்த நம்பரே நிறைய சொல்லும். அப்படியே அந்தத் தொகைல ஏதாவது கணக்கு இருந்தா அத ஒரு பக்கத்துல எழுதாம விட்டிருப்பீங்க. வித்தியாசம் 640-ன்னா அதுல பாதி 320-ஐத் தேடுங்க, டெபிட்ல போக வேண்டியது கிரெடிட்ல போயிருந்தா வித்தியாசம் ரெண்டு மடங்கா காட்டும். 9-ஆல மீதியில்லாம வகுபட்டா பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும், 5,430-ஐ 4,530-ன்னு எழுதினா வித்தியாசம் 900 வரும், அத 9-ஆல வகுத்துப் பாருங்க. இந்த மூணும் இல்லன்னாதான் கூட்டல மறுபடி போட்டு, ஒவ்வொரு கணக்கோட லெட்ஜர் பக்கத்தையும் சரிபாக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும், டேலி ஆயிடுச்சுன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல. ஒரு பில்ல ரெண்டு பக்கமுமே எழுதாம விட்டாலும் டேலி ஆகும், மெஷின் வாங்கினத ரிப்பேர் செலவுல போட்டாலும் டேலி ஆகும், ஆனா அந்த வருஷ லாபம் தப்பா இருக்கும். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா பின்னாடி ஆடிட்டிங் பேப்பர் வரும்போது அது எதுக்கு இருக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

கேள்வி: எங்க யுனிவர்சிட்டி வீடியோவ விட யூடியூப்ல ஃப்ரீயா கிடைக்கறது நல்லா புரியுது. அதையே வச்சுப் படிக்கலாமா?

பதில்: அடிப்படைக்குத் தாராளமா படிக்கலாம். ஒவ்வொண்ணையும் டெபிட், கிரெடிட்னு ரெண்டு பக்கமும் எழுதற இரட்டைப் பதிவு முறைய இத்தாலிய கணித அறிஞர் லூக்கா பச்சியோலி 1494-ல வெனிஸ்ல அச்சுல கொண்டுவந்தப்ப இருந்த அதே தர்க்கம்தான் இன்னிக்கும், அதுக்கு எந்த வருஷ வீடியோ பாத்தாலும் பழுதில்ல. ஆனா ஸ்டாண்டர்டு (கணக்கு எழுதற விதிமுறை) சம்பந்தப்பட்ட பாடத்துக்கு வீடியோ எப்ப போட்டதுன்னு பாக்காம தொடவே தொடாதீங்க. ஐ.எஃப்.ஆர்.எஸ் 16-ங்கற சர்வதேச விதிமுறை 2019-ல அமலுக்கு வந்தப்புறம் குத்தகைக்கு எடுத்தவங்க அத பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்ல காட்டியே ஆகணும், அதுக்கு முந்தின வீடியோல ஆபரேட்டிங் லீஸ் (சாதாரண வாடகை மாதிரி குத்தகை)னா வெளியவே வச்சுக்கலாம்னு சொல்லியிருப்பாங்க, அத அப்படியே எழுதினா மார்க் போச்சு. 2027 ஜனவரி 1-லேர்ந்து ஐ.எஃப்.ஆர்.எஸ் 18 வருது, லாப நஷ்டக் கணக்கக் காட்டற விதமே மாறுது, அதனால உங்க சிலபஸ் எந்த வருஷத்து ஸ்டாண்டர்ட கேக்குதுன்னு உங்க ட்யூட்டர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கங்க.

கேள்வி: ஆன்லைன் டிகிரிய வேலைல மதிப்பாங்களா? பின்னாடி புரஃபஷனல் கோர்ஸ் சேரலாமா?

பதில்: எப்படிப் படிச்சீங்கங்கறத விட அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கான்னுதான் முக்கியமா பாப்பாங்க. அத விளம்பரத்துல தேடாதீங்க, உங்க நாட்டுல அங்கீகாரம் குடுக்கற அமைப்போட பட்டியல்ல நேரா தேடுங்க, கல்லூரி பேரு மட்டும் இருந்தாப் போதாது, அந்த கோர்ஸுக்கு ஆன்லைன்ல நடத்தவும் அனுமதி இருக்கணும். ஏ.சி.சி.ஏ (பிரிட்டன்ல இருக்கற கணக்காளர் அமைப்பு) மாதிரி அமைப்புகள்ல எந்த டிகிரிக்கு எந்தெந்த பேப்பர் விலக்குன்னு அவங்க வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம், கடைசிக் கட்ட பேப்பருக்கு விலக்கு கிடையாது. அமெரிக்க சி.பி.ஏ (கணக்காளர் லைசென்ஸ்) ஆசை இருந்தா கவனமா இருங்க, டிகிரிக்கு பொதுவா 120 கிரெடிட் (படிப்பு அளவு, டெபிட்-கிரெடிட் இல்ல) தான், ஆனா லைசென்ஸுக்கு ரொம்ப வருஷமா 150 கேட்டாங்க, இப்ப பல மாநிலங்கள் 120-ஓட கூடுதல் வேலை அனுபவம்ங்கற வழியையும் திறந்திருக்காங்க. எங்க வேலை பாக்கப் போறோம்ங்கறத முதல்லயே யோசிச்சுட்டு சேந்தா பின்னாடி காசும் வருஷமும் மிச்சம்.

கேள்வி: வீட்லயே கேமரா வச்சு எக்ஸாம்னு சொல்றாங்க, பதட்டமா இருக்கு.

பதில்: கணக்கு தெரிஞ்சும் மார்க் போறது பெரும்பாலும் டைப் பண்ணிப் பழகாததாலதான். பரிட்சைல விடைய ஸ்ப்ரெட்ஷீட் மாதிரி கட்டத்துல போடச் சொல்வாங்கன்னா கடைசி ஒரு மாசம் பேப்பர ஓரமா வச்சுட்டு அதுலயே பழகுங்க. ரஃப் பேப்பர் விடுவாங்களா, எந்த கால்குலேட்டர் வச்சுக்கலாம்னு முன்னாடியே கேளுங்க, சிஸ்டம் டெஸ்ட்ட அதே லேப்டாப்ல அதே ரூம்ல முந்தின நாளே ஓட்டிப் பாருங்க. வெறும் விடைய மட்டும் போடாம எப்படி வந்துச்சுன்னு ஒர்க்கிங் காட்டுங்க, பல தேர்வுகள்ல முதல்ல ஒரு நம்பர் தப்பாப் போனாலும் அடுத்த வழிமுறை சரியா இருந்தா அதுக்கு மார்க் உண்டு. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலன்னா அங்கயே நின்னுடாதீங்க, அந்தக் கேள்விக்கான நேரம் முடிஞ்சதும் அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, மிச்ச நேரம் இருந்தா திரும்பி வந்து பாத்துக்கலாம்.