கையால் தட்டினால் ஏற்கிறது, நிரலில் மறுக்கிறது

வணக்கம் நண்பரே. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து இரவில் கணக்குக் கோப்பை அனுப்பும் நிரல், கையால் தட்டினால் ஏற்கும் அதே கடவுச்சொல்லை மறுக்கிறது என்கிறீர்கள். வம்பு அதிலுள்ள @, # குறிகளால்தான். இணைப்பு முகவரியில் @ என்பது பயனர் விவரத்துக்கும் சர்வர் பெயருக்கும் நடுவேயுள்ள வேலி. கடவுச்சொல்லிலும் அது வந்தால் குழப்பம்தானே? இணைப்பு முகவரியில் எழுதும் கடவுச்சொல்லுக்குள் @ வரும் இடத்தில் %40, # வரும் இடத்தில் %23 என்று எழுதுங்கள்.

உங்கள் நிரல் விண்டோஸ் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat கோப்பு) என்றால் % குறியை %%40 என இரட்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் %4 என்பதை நான்காவது உள்ளீடாக எண்ணி விழுங்கிவிடும். 0 மட்டும் மிஞ்சும். பினாங்கில் எங்கள் சரக்கு அலுவலகத்தில் இதற்காக ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றியதுதான் மிச்சம்!

கோப்பை எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை, SFTP) வழியே அனுப்புகிறீர்கள் என்றால், சர்வர்காரர்கள் சம்மதித்தால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவிக்கு (உங்களை அடையாளம் காட்டும் மின்னணுச் சாவி, SSH key) மாறிவிடுங்கள். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதிவைப்பதே எனக்குப் பிடிக்காது.