வாக்-ஆனாகக் கல்லூரி ஃபுட்பால் ஆடுவது எப்படி இருக்கும்? மகனை அனுப்பலாமா?

டெக்ஸாஸில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகனை ஒரு பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப் இல்லாமல், அதாவது வாக்-ஆனாக, அமெரிக்க ஃபுட்பால் அணிக்குக் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு ஆசை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். மிட்வெஸ்ட்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். வைடு ரிசீவர், அதாவது ஓடிப்போய் பந்தைப் பிடிக்கிறவன்.

அப்போது பெரிய அணிகள் 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம். பயிற்சிக்கு அத்தனை பேர் போதாது, மிச்ச இடத்துக்கு நாங்கள். ஃபீஸ், வாடகை எல்லாம் வீட்டுக் காசு. வெயிட் ரூம், மீட்டிங், மைதானம் எதிலும் எங்களுக்குச் சலுகை கிடையாது. சாப்பாட்டில்தான் வித்தியாசம் தெரியும். பயிற்சி முடிந்து ஸ்காலர்ஷிப் வாங்குபவர்கள் டீம் டைனிங் ஹாலுக்குப் போவார்கள். நாங்கள் போனால் காசு கட்ட வேண்டும். நான் அறைக்கு வந்து குக்கரில் சோறு வைப்பேன். 2014-இல்தான் வாக்-ஆன்களுக்கும் இலவசமாகச் சாப்பாடு போடலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விதியை மாற்றியது. நான் அதற்குள் படிப்பை முடித்துவிட்டேன். ஆனாலும் செய்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வேலை ஸ்கவுட் டீம். சனிக்கிழமை எதிரே வரப்போகும் அணி எப்படி ஆடுமோ, செவ்வாயும் புதனும் நாங்கள் அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். கோச் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். மார்க்கரில் வட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டிருக்கும். நம் வட்டம் எது, எத்தனை கெஜம் ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்ப்பதற்குள் அட்டை இறங்கிவிடும்.

ஒரு வாரம் எதிரணியின் முக்கிய ரிசீவராக என்னை நிறுத்தினார்கள். அவருடைய வீடியோவை ராத்திரியெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். உள்பக்கம் வெட்டி ஓடுவதற்கு முன்னால் வெளித்தோளை லேசாகச் சாய்ப்பார். நானும் அதையே செய்தேன். ரிசீவரைத் தடுக்க வேண்டிய எங்கள் கார்னர்பேக் முதலில் ஏமாந்தான். பிறகு தோள் அசைந்தாலே என்னை இடித்துத் தள்ளினான். சனிக்கிழமை மூன்றாவது குவார்ட்டரில் அதே தோள் சாய்ந்தது. அவன் முந்திப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்து என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினான். நான் அன்று களத்தில் கால் வைக்கவே இல்லை. இருந்தாலும் அந்த ஆட்டத்தில் நான் ஆடினேன் என்றுதான் இன்றும் சொல்வேன்.

பேக்கர் மேஃபீல்ட் வாக்-ஆனாக நுழைந்து 2017-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். இன்னொரு வாக்-ஆன் ஹன்டர் ரென்ஃப்ரோ அதே ஆண்டு ஜனவரியில், ஒரு நொடி மிச்சமிருக்கும்போது பந்தைப் பிடித்து கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்தார். மகன் அவர்களைப் பார்த்து ஆசைப்படட்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை வேலை பிடிக்காதவனுக்கு நாலு வருஷம் தாங்காது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுப்படி 85 என்ற வரம்பு போய், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் மொத்த அணியே 105 பேர் என்றாகிவிட்டது. அதைவிட அதிகம் பேரை வைத்திருந்த அணிகளிலிருந்து எத்தனையோ வாக்-ஆன்கள் வெளியே போனார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: இது ப்ரிஃபர்ட் வாக்-ஆன் இடமா, அதாவது அணியில் இடம் உறுதியா, இல்லை ஆடிக்காட்டும் தேர்வுக்கு வரச் சொல்கிறீர்களா? அந்த 105-க்குள் இவன் உண்டா? அடுத்த வருஷமும் உண்டா? பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.