கடை மாறியும் கூகுள் மேப் பழைய இடத்தையே காட்டினால்

வணக்கங்க. தையல் கடையை வேறு தெருவுக்கு மாற்றி, கூகுளில் புதிதாக ஒரு பக்கமும் திறந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஆட்கள் பழைய இடத்துக்கே போகிறார்கள். சரி, பழைய பக்கத்தை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கடையையே மூடிவிட்டீர்கள் என்று நினைத்துவிடுவார்கள். இத்தனை வருடம் சேர்ந்த விமர்சனங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதை விடவே கூடாது.

பழைய பக்கத்திலேயே முகவரியைத் திருத்துங்கள். மேப்பில் குத்தியிருக்கும் புள்ளியையும் கடை வாசலுக்கு நகர்த்துங்கள். புதிய பக்கம் நகல் என்று கூகுள் உதவிக்கு எழுதி, இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

முகவரி மாறியதால், கடை உங்களுடையதுதானா என்று கூகுள் மறுபடி சரிபார்ப்பு கேட்கலாம், பெரும்பாலும் வீடியோதான். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: தெருப் பெயர்ப் பலகை, உங்கள் கடைப் பலகை, நீங்களே சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே தையல் மெஷின்கள். முகம் காட்ட வேண்டியதில்லை.

அப்புறம், பலகையில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். 'சிறந்த பிளவுஸ் தையல்' என்றெல்லாம் பெயரோடு சேர்த்தால் கூகுள் பக்கத்தையே முடக்கிவிடலாம். சரிபார்ப்பில் எங்காவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.